பாதி சீசனுக்கு மேல் டீம் ஏன் சரிகிறது? காரணத்தைப் பிடிப்பதும் சரிசெய்வதும்

முதல் ஐந்து மேட்சில் நாலு வெற்றி. அடுத்து வரிசையாக மூன்று டிரா. அதற்குப் பிறகு கடைசிப் பத்து நிமிஷத்தில் கோல் வாங்கித் தோற்பது பழகிப்போகிறது. அல்சூர், ஆஸ்டின் டவுன், கௌதமபுரம், மர்பி டவுன் என்று பெங்களூரில் நம்மவர்கள் ஃபுட்பால் லீக் ஆடும் எந்த கிளப்பை எடுத்துக்கொண்டாலும் இந்தக் கட்டத்தில் ஒரே தீர்ப்புதான் வரும்: "பசங்களுக்கு மூச்சே இல்ல." மறுநாள் விடியற்காலை கிரவுண்டைச் சுற்றிப் பத்து ரவுண்டு. இதைவிடக் கெட்ட வைத்தியம் இல்லை. களைப்புதான் காரணம் என்றால், களைத்தவனை இன்னும் களைக்க வைக்கிறீர்கள். காரணம் வேறு என்றால், அதைத் தொடாமலேயே விட்டுவிடுகிறீர்கள்.

பின்பாதியில் கண்ணுக்குத் தெரியும் சரிவில் பெரும்பங்கு முன்பாதியில் சேர்ந்தது. யாரை எத்தனை நிமிஷம் ஆடவிட்டோம், லீக் தொடங்கியதும் எந்தப் பயிற்சியை நிறுத்தினோம், ஜெயித்த மேட்ச்களில் எதைப் பார்க்காமல் விட்டோம் என்பதில்தான் விடை இருக்கிறது. அதனால் முதல் வேலை கணக்கு எடுப்பது. வேலைக்குப் போய்க்கொண்டே ஆடும் 20, 22 பேரை வைத்து மாவட்ட லீக் ஆடும் கிளப்புக்கு, ஓட்டத்தை அளக்கும் ஜி.பி.எஸ். சட்டையெல்லாம் தேவையில்லை. ஒரு நீள நோட்டு, ஒரு எடை மெஷின், ஒரு சாக்பீஸ், ஒரு ஃபோன் போதும்.

உண்மையிலேயே சரிவுதானா?

இதைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. ஒவ்வொரு டீமோடும் ஒரே ஒரு தடவை மோதும் லீக்கில், முதல் ஆறு எதிரிகளும் கீழ்வரிசை டீம்களாக அமைந்துவிடலாம். பாயிண்ட் பட்டியலை எடுத்து, நீங்கள் ஆடிய ஒவ்வொரு எதிரியும் இன்று எந்த இடத்தில் இருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். முன்பாதி எதிரிகளின் சராசரி இடம் 9, பின்பாதி எதிரிகளின் சராசரி இடம் 4 என்றால் உங்கள் டீம் சரியவில்லை, ஃபிக்சர் (மேட்ச் அட்டவணை) கடினமாகியிருக்கிறது. அவ்வளவுதான்.

அடுத்தது கோலுக்கும் வாய்ப்புக்கும் உள்ள இடைவெளி. பொதுவாகக் கால்பந்தில் சுமார் பத்து ஷாட்டுக்கு ஒரு கோல் விழும். உங்கள் டீம் முதல் ஆறு மேட்சில் 52 ஷாட் அடித்து 15 கோல் போட்டிருந்தால், அது அப்படியே நீடிக்காது. தூரத்திலிருந்து அடித்ததெல்லாம் மூலையில் போய் விழுந்த நாட்கள் அவை. அடுத்த ஐந்து மேட்சில் 45 ஷாட், 4 கோல் என்றால் ஸ்ட்ரைக்கரைத் திட்டுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள்: மேட்சுக்கு ஒன்பது ஷாட் அப்போதும் வந்தது, இப்போதும் வருகிறது. ஆட்டம் மாறவில்லை, முதலில் அடித்த அதிர்ஷ்டம்தான் நின்றிருக்கிறது. மாறாக ஷாட்டே ஒன்பதிலிருந்து ஐந்தாகியிருந்தால், அல்லது எதிரி நம் பெனால்டி பாக்ஸுக்குள் அடிக்கும் ஷாட் இரண்டு மடங்காகியிருந்தால், அது நிஜமான சரிவு. பாக்ஸுக்கு உள்ளே, வெளியே என்று இரண்டு கட்டம் போட்டு, மாற்று ஆட்டக்காரர் ஒருவரிடம் நோட்டைக் கொடுத்தால் அவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே குறித்துவிடுவார்.

குறுகிய காலக் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 2022–23 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் பெங்களூரு எஃப்.சி. முதல் 12 மேட்சில் எடுத்தது 10 பாயிண்ட். கடைசி 8 மேட்சையும் வரிசையாக ஜெயித்து 24 பாயிண்ட் சேர்த்து, நாலாவது இடம் பிடித்து, ஃபைனல்வரை போனது. அதே கோச்தான். எதிர்த்திசைக்கு ஹல் சிட்டி: 2008–09 இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் முதல் 9 மேட்சில் 20 பாயிண்ட், மீதி 29 மேட்சில் வெறும் 15. மொத்தம் 35 பாயிண்டோடு 17-ம் இடத்தில் நின்று, ஒரே ஒரு பாயிண்டில் கீழ் லீக்குக்கு இறங்காமல் தப்பித்தது. முதல் 9-ஐ மட்டும் வைத்து அந்த டீமை எடைபோட்டவர்கள் எல்லோருமே தப்புக் கணக்குப் போட்டவர்கள்தான்.

இன்னொரு பொறி: "கடைசி 15 நிமிஷத்தில்தான் கோல் வாங்குகிறோம், அப்போ ஸ்டாமினா பிரச்சினைதான்." உலகம் முழுக்க எந்த லீக்கை எடுத்தாலும் 76-வது நிமிஷத்துக்குப் பிறகுதான் அதிக கோல் விழுகிறது. எல்லாக் கால்களும் அப்போது களைத்திருக்கும், தோற்கும் டீம் ஆளை மேலே அனுப்பும், இஞ்சுரி டைமும் சேரும். ஆகவே வாங்கிய கோல்களை 15 நிமிஷக் கட்டங்களாகப் பிரித்து எழுதும்போது, கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் கூடுதலாக இருப்பது சாதாரணம். வாங்கியதில் பாதி அங்கேயே குவிந்திருந்தால்தான் காலைச் சந்தேகப்பட வேண்டும். இடைவேளை முடிந்து முதல் 15 நிமிஷத்தில் குவிந்தால், எதிரி கோச் இடைவேளையில் செய்யும் மாற்றத்துக்கு நம்மிடம் பதில் இல்லை என்று அர்த்தம். கார்னர், ஃப்ரீ கிக்கில் குவிந்தால் ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நிமிஷக் கணக்கு

நோட்டில் முதல் பக்கம் இதற்கு. 11 மேட்ச் முடிந்திருந்தால் ஒருவர் ஆடக்கூடிய அதிகபட்சம் 990 நிமிஷம். கோல் கீப்பரை விட்டுவிடுங்கள். மற்றவர்களில் 85 சதவீதத்துக்கு மேல், அதாவது 840 நிமிஷத்தைத் தாண்டியவர்கள் ஐந்து பேருக்கு மேல் இருந்தால் எச்சரிக்கை. ஏழு, எட்டுப் பேர் என்றால் சரிவு வந்தே தீரும், தேதிதான் தெரியாது. இது எந்த விதிப் புத்தகத்திலும் இருப்பதல்ல. சின்ன ஸ்குவாடுகளுக்குப் பொருந்தும் கைக்கணக்கு.

ஏன் என்றால், ஜெயிக்கும் டீமைக் கோச் மாற்றமாட்டார். ஜெயிக்க ஜெயிக்க அதே பதினோரு பேர். பெஞ்சில் இருப்பவனுக்கு 15 நிமிஷம், 5 நிமிஷம், பிறகு பூஜ்யம். பத்தாவது மேட்சில் ஸ்டாப்பருக்கு (நடு டிஃபென்டர்) காயம் பட்டதும், இரண்டு மாதம் முழு மேட்ச் ஆடாத பையனை இறக்குகிறோம். அவன் தடுமாறினால் "அவனுக்கு லெவல் பத்தாது" என்கிறோம். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஆர்சனல் 2022–23-ல் முதல் 19 மேட்சில் 50 பாயிண்ட் எடுத்தது, அடுத்த 19-ல் 34. மார்ச்சில் ஸ்டாப்பர் சலிபா காயத்தில் உட்கார்ந்தார். ஏப்ரலில் லிவர்பூலிடமும் வெஸ்ட் ஹாமிடமும் 2–0 என்று முன்னிலையில் இருந்து டிரா ஆனது. கோடிக்கணக்கில் செலவழிக்கும் கிளப்புக்கே ஒரு ஸ்டாப்பரின் இடத்தை நிரப்ப முடியவில்லை.

சரிசெய்வது இப்படி. முதலில், லீக் விதி எத்தனை மாற்று அனுமதிக்கிறதோ அத்தனையையும் பயன்படுத்துங்கள், முதல் மாற்றத்தை 80-வது நிமிஷத்துக்குத் தள்ளாமல் 55–60-க்குள் செய்யுங்கள். மேட்சுக்கு மறுநாள், 30 நிமிஷத்துக்குக் குறைவாக ஆடியவர்களை மட்டும் கூப்பிட்டுப் பக்கத்து கிளப்போடு 30 நிமிஷம் இரண்டு பாதி ஃபிரெண்ட்லி வையுங்கள். ஆள் சேரவில்லையென்றால் நாலுக்கு நாலு, 4 நிமிஷம் ஆறு தடவை, கடைசியில் 30 மீட்டர் ஃபுல் ஸ்பீடில் ஆறு ஓட்டம். ஆடாதவனின் வேகம்தான் முதலில் போகும். பந்தோடு தட்டிக்கொண்டிருப்பதால் அது திரும்பாது.

ஞாயிற்றுக்கிழமை கேஷ் டோர்னமென்ட்

பெங்களூரில் இதைச் சொல்லாமல் களைப்பைப் பற்றிப் பேச முடியாது. டர்ஃப் வாடகைக்கு எடுத்து நடத்தும் ஃபைவ்ஸ், செவன்ஸ் (பக்கத்துக்கு ஐந்து பேர், ஏழு பேர்) போட்டிகளில் பரிசுப் பணம் உண்டு. நல்ல ஆட்டக்காரனை வேறு டீம்காரர்கள் காசு கொடுத்துக் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை லீக் மேட்ச், ஞாயிறு இரவு டர்ஃபில் நாலு ஆட்டம், செவ்வாய்க்கிழமை பிராக்டிஸில் "கால் டைட்டா கீதுண்ணா." கோச்சுக்கு விஷயமே தெரியாது.

இதைப் பிடிக்க எளிய வழி, உழைப்பு மார்க். பிராக்டிஸோ மேட்சோ முடிந்து அரை மணி நேரம் கழித்து ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: இன்றைக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது, 0-லிருந்து 10-க்குள் சொல். அந்த எண்ணை நிமிஷத்தால் பெருக்குங்கள். செவ்வாய் 75 நிமிஷம், 5 மார்க்: 375. வியாழன் 90 நிமிஷம், 7 மார்க்: 630. சனி மேட்ச் 90 நிமிஷம், 9 மார்க்: 810. வாரத்துக்கு மொத்தம் 1,815. இதோடு ஞாயிறு ஃபைவ்ஸ், 20 நிமிஷம் நாலு ஆட்டம், 8 மார்க் என்றால் 640. மொத்தம் 2,455. ஒரே இரவில் வாரச் சுமை 35 சதவீதம் கூடிவிட்டது. ஒரு வாரத்திலிருந்து அடுத்த வாரத்துக்கு 10, 15 சதவீதத்துக்கு மேல் கூட்டாமல் இருப்பது பொதுவான நடைமுறை. ஒரேயடியாகத் தாவினால் தசை பிடிக்கும், கிழியும் ஆபத்து கூடுகிறது.

இங்கே கோச்கள் செய்யும் தவறு, தடை போடுவது. தடை போட்டால் ஆட்டம் நிற்காது, உங்களிடம் சொல்வதுதான் நிற்கும். காசுக்காக ஆடுகிறவனிடம் "ஆடாதே" என்று சொல்ல கிளப்பிடம் மாற்றுக் காசு இல்லை. அதனால் "எங்கே ஆடினாலும் வாட்ஸ்ஆப்பில் எத்தனை ஆட்டம் என்று மட்டும் போடு, திட்டமாட்டேன்" என்று பேசிக்கொள்ளுங்கள். நாலு ஆட்டம் ஆடியவனுக்குச் செவ்வாய்க்கிழமை பிராக்டிஸ் பாதிதான். பந்து உண்டு, ஓட்டம் இல்லை. மேட்சுக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் வெளி ஆட்டம் வேண்டாம் என்ற ஒரே ஒரு வரம்பை வையுங்கள். அதைப் பெரும்பாலும் மதிப்பார்கள். 72 ஏன் என்றால், முழு மேட்சில் காலியான தசைச் சர்க்கரை நிரம்பவே இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

பைக்கில் எட்டு மணி நேரம் சாப்பாடு டெலிவரி செய்பவனுக்கும், நைட் ஷிப்ட் முடித்து எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நேராக கிரவுண்டுக்கு வருபவனுக்கும், கல்லூரி மாணவனுக்கும் ஒரே பயிற்சி கொடுப்பதும் இதே தவறுதான். நைட் ஷிப்ட் வாரத்தில் அவனுடைய மார்க்கில் தானாகவே ஒன்றிரண்டு ஏறும். ஏறினால் நம்புங்கள், சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

மார்க்கில் பொய் சொல்கிறான் என்று தோன்றினால் சாக்பீஸ் இருக்கிறது. செவ்வாய்தோறும் வார்ம் அப் முடிந்ததும், விரல் நுனியில் சாக்பீஸ் தடவி, சுவரோரம் நின்று கையை உயர்த்தி ஒரு கோடு. பிறகு நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதித்து ஒரு கோடு. மூன்று தடவையில் சிறந்ததை எடுத்து, இரண்டு கோட்டுக்கும் இடையே அளந்து எழுதுங்கள். சீசன் ஆரம்பத்தில் 50 செ.மீ. குதித்தவன் இரண்டு வாரம் தொடர்ந்து 45-க்குக் கீழே என்றால் கால் தீர்ந்திருக்கிறது, பேச்சே வேண்டாம். ஸ்டாப்வாட்சை வைத்து 30 மீட்டர் ஓட்டம் அளக்க வேண்டாம். கை அழுத்துவதிலேயே 0.2 விநாடி தவறு வரும், நாம் தேடும் வித்தியாசம் அதைவிடச் சின்னது.

ஜிம்மை நிறுத்தியதற்கான பில்

லீக் தொடங்கும் முன் ஆறு வாரம் ஜிம், குந்தி எழுந்திருப்பது, படிக்கட்டு ஓட்டம் எல்லாம் நடக்கும். முதல் மேட்ச் வந்ததும் "இனி பந்து மட்டும்" என்று எல்லாம் நிற்கும். ஒரு மாதம்வரை ஒன்றும் தெரியாது. அதன் பிறகு வலு மெல்ல இறங்கும், ஆட்டம் மட்டும் கூடிக்கொண்டே போகும். எட்டாவது, ஒன்பதாவது மேட்சில் தொடையின் பின்தசை பிடிக்கத் தொடங்குவது தற்செயல் அல்ல.

நல்ல செய்தி, சேர்த்த வலுவைக் காப்பாற்ற வாரத்துக்கு ஒரு நாள் போதும். எடையைக் குறைக்காமல் செட்டுகளை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் போதும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: லேசான எடையில் ஐம்பது தடவை. அதில் களைப்பு வரும், வலு வராது.

பின்தசைக்கு நார்டிக் பயிற்சியைவிட மலிவான மருந்து இல்லை. மண்டியிட்டு நில்லுங்கள், கூட்டாளி பின்னாலிருந்து இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், முட்டியிலிருந்து தலைவரை ஒரே நேர்கோடாக முன்னால் மெதுவாகச் சாயுங்கள். இனி தாங்காது என்ற இடத்தில் கைகளை ஊன்றி விழுந்து, கையால் தள்ளி எழுந்துகொள்ளுங்கள். இடுப்பு பின்னால் வளைந்தால் கணக்கில் சேராது. ஆராய்ச்சிகளில் பயன்பட்ட பத்து வாரக் கணக்கு: முதல் வாரம் ஒரு நாள், 5 தடவை 2 செட். இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 தடவை 2 செட். மூன்றாம் வாரம் மூன்று நாள், 6–8 தடவை 3 செட். நாலாம் வாரம் மூன்று நாள், 8–10 தடவை 3 செட். ஐந்திலிருந்து பத்துவரை மூன்று நாள், 12, 10, 8 தடவை. அதற்குப் பிறகு வாரம் ஒரு நாள் போதும். ஒழுங்காகச் செய்த டீம்களில் பின்தசைக் காயம் ஏறத்தாழப் பாதியாகியிருக்கிறது.

கெட்டுப்போகும் இடமும் இதுவே. சீசன் நடுவில் ஞானோதயம் வந்து முதல் நாளே 12, 10, 8 போட்டால் மூன்று நாள் உட்கார்ந்து எழ முடியாத வலி வரும், "இது வேண்டாம் அண்ணா" என்று பசங்க கைவிடுவார்கள். மேட்சுக்கு முந்தைய நாள் செய்வதும் கூடாது. மேட்ச் சனி என்றால் செவ்வாய் பிராக்டிஸ் முடிந்ததும் செய்யுங்கள். மூன்று நாளுக்கு இடமில்லாத வாரங்களில் ஒரே நாள் செய்தாலும் பரவாயில்லை, ஆனால் ஏணியில் மெதுவாக ஏறுங்கள். வார்ம் அப்புக்கு ஃபிஃபா 11+ இருக்கிறது: 15 பயிற்சி, 20 நிமிஷம், வாரம் இரண்டு தடவையாவது. கிரவுண்டைச் சுற்றி இரண்டு ரவுண்டும் நாலு ஸ்ட்ரெச்சிங்கும் அதற்கு ஈடாகாது.

காயத்திலிருந்து திரும்புவதில் ஒரு விதி மட்டும். "வலி இல்லண்ணா" என்பது சான்றிதழ் அல்ல. பின்தசை நடக்கும்போதும், மெதுவாக ஓடும்போதும் வலிக்காது. ஃபுல் ஸ்பீடில்தான் கிழியும். மேட்சுக்கு முன்பு குறைந்தது இரண்டு பிராக்டிஸில் முழு வேகத்தில் ஆறு தடவை 30 மீட்டர் ஓடிக் காட்டாதவன் இறங்கக் கூடாது. ஒரு தடவை கிழிந்த தசைதான் மறுபடி கிழிய அதிக வாய்ப்புள்ளது. முக்கியமான மேட்ச் என்று ஒரு வாரம் முன்னால் இறக்கினால், மீதி சீசன் முழுக்க அவனை மறந்துவிட வேண்டியதுதான்.

தரையும் இதில் சேரும். பிராக்டிஸ் மண் கிரவுண்டில், மேட்ச் அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்தின் செயற்கைப் புல்லில் என்றால், இயற்கைப் புல்லுக்கான நீள ஸ்டட் பூட்ஸ் செயற்கைப் புல்லில் பிடித்துக்கொள்ளும். கால் நிற்கும், முட்டி திரும்பும். குட்டையான, நிறைய ஸ்டட் உள்ள செயற்கைப் புல் பூட்ஸ் வேண்டும். வெயில் நாளில் அந்தத் தரை காற்றைவிட இருபது டிகிரிக்கு மேல் சூடாகும். பெங்களூரில் காற்று சென்னையைவிட வறண்டிருப்பதால் வியர்வை சட்டென்று காய்ந்துவிடும், தண்ணீர் போனதே தெரியாது. சென்னையில் ஆடப் போனால் பாட்டில் பாட்டிலாகக் குடிக்கும் பசங்க இங்கே பாதிகூடக் குடிப்பதில்லை. மார்ச், ஏப்ரலில் மேட்சுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 66 கிலோவாக இறங்கியவன் 64.4-ஆக வந்தால் 1.6 கிலோ, 2.4 சதவீதம். 2-ஐத் தாண்டினாலே ஆட்டம் மங்கும். போன ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர், இவனுக்கு 2.4 லிட்டர், அடுத்த சில மணி நேரத்தில் உப்புப் போட்ட மோரும் தண்ணீருமாக உள்ளே போக வேண்டும்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. மேட்ச் முடிந்த முதல் மணி நேரத்தில் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து. 65 கிலோ ஆளுக்கு இரண்டு பெரிய வாழைப்பழமும் வெல்லம் போட்ட ஒரு டம்ளர் ராகி மால்ட்டும் சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும். மூன்று முட்டையும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தால் புரதம் 25 கிராம். பரோட்டா, கபாப் எல்லாம் இரவில் சாப்பிடட்டும், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மேட்ச் முடிந்து நாலு மணி நேரம் பட்டினி கிடந்து, பிறகு அதைச் சாப்பிடுவதில் பயனில்லை.

எதிரி நம்மைப் படித்துவிட்டான்

கால், தசை, தண்ணீர் எல்லாம் சரியாக இருந்தும் ஷாட் குறைந்திருந்தால் காரணம் இதுதான்; அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். மாவட்ட லீக்கில் எல்லோரும் எல்லோருடைய மேட்சையும் கேலரியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஏழாவது மேட்ச் வருவதற்குள், உங்கள் லெஃப்ட் பேக் எப்போது மேலே ஏறுவான், கார்னர் எப்போதும் முன் போஸ்டுக்குத்தான் வரும், நம்பர் பத்து வலது காலை மட்டும் நம்புவான் என்பது அத்தனை பேருக்கும் தெரியும்.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடக்கும். சீசன் ஆரம்பத்தில் உங்களை யாரும் மதிக்கவில்லை, அதனால் மேலே ஏறி வந்து ஆடினார்கள். பின்னால் இடம் காலியாக இருந்தது. உங்கள் வேகமான பசங்க கவுன்டரில் (பந்தைப் பறித்ததும் சட்டென்று எதிர்த்துத் தாக்குவதில்) ஓடிப் போட்டார்கள். இப்போது நீங்கள் மேல்வரிசையில் இருக்கிறீர்கள். எதிரி ஒன்பது பேரைப் பின்னால் நிறுத்திவிட்டு டிராவுக்கு ஆடுகிறான். ஓட இடமில்லை. பந்து உங்கள் காலிலேயே இருக்கிறது, ஆனால் நெருக்கமான டிஃபென்ஸைப் பாஸ் போட்டு உடைக்கும் பயிற்சியை நீங்கள் ஒருநாளும் செய்ததில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சோம்பல் ஆட்டமாகத் தெரியும். "வேகம் போச்சு" என்று கத்துவார்கள். வேகம் அங்கேயேதான் இருக்கிறது, ஓடுவதற்கு இடம்தான் இல்லை.

சோதிக்க, பழைய மேட்ச் வீடியோவில் ஒவ்வொரு நல்ல வாய்ப்பும் எங்கே தொடங்கியது என்று குறியுங்கள்: எதிரியிடம் பறித்த பந்தா, நம் கீப்பரிடமிருந்து கட்டி எழுப்பியதா, செட் பீஸா (கார்னர், ஃப்ரீ கிக்), இடமா, வலமா. முன்பாதியில் பறித்த பந்திலிருந்து வந்தவை அதிகமாகவும், இப்போது அவை வற்றிப்போயும் இருந்தால் நோய் தெரிந்துவிட்டது. பாதிக்கு மேல் ஒரே விங்கிலிருந்து வந்திருந்தாலும் அப்படியே.

பயிற்சி: அரை கிரவுண்டில் எட்டுப் பேர் தாக்க, ஏழு பேரும் கீப்பரும் தடுக்க. தடுப்பவர்கள் பெனால்டி பாக்ஸுக்கு வெளியே பத்து கஜத்துக்குள் நெருக்கமாக நிற்கட்டும். 4 நிமிஷம் ஆட்டம், 2 நிமிஷம் ஓய்வு, ஐந்து தடவை. விதி ஒன்றே ஒன்று: பந்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாறிய பிறகு 12 விநாடிக்குள் ஷாட் வர வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரிக்கு. இதில் பசங்க முதலில் செய்யும் தவறு, எல்லோரும் பந்தைக் கேட்டு அருகில் வருவது. இரண்டு விங்கரும் கோட்டிலேயே காலை வைத்திருக்கட்டும், ஒருவன் மட்டும் ஸ்டாப்பருக்கும் பேக்குக்கும் நடுவில் ஓடட்டும். அந்த ஓட்டத்துக்குப் பந்து வராவிட்டாலும் ஓட வேண்டும். அது டிஃபென்ஸை இரண்டு அடி இழுக்கும், ஷாட் அடிக்க அந்த இரண்டடி போதும்.

ஃபார்மேஷனை (ஆட்களை நிறுத்தும் அமைப்பை) மட்டும் மாற்றாதீர்கள். தோற்க ஆரம்பித்ததும் 4-4-2-விலிருந்து 3-5-2-வுக்குத் தாவுவது கோச்சுக்கு ஏதோ செய்த திருப்தி தரும், அவ்வளவே. கார்னரில் இரண்டு புது முறை, கோல் கிக்கில் ஒரு புது முறை, நாலு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

மைதானத்துக்கு வெளியே

மஞ்சள் அட்டைக் கணக்கை நோட்டின் பின்பக்கத்தில் வையுங்கள். எத்தனை அட்டைக்கு ஒரு மேட்ச் தடை என்று லீக் விதியில் இருக்கும். இரண்டு மிட்ஃபீல்டரும் ஒரே மேட்சில் தடைபட்டு உட்காருவது கெட்ட நேரம் அல்ல, பார்க்காமல் விட்டது.

காலண்டர் அடுத்தது. செமஸ்டர் பரீட்சை, தை மாதக் கல்யாணங்கள், பொங்கலுக்கு வேலூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை என்று ஊருக்குப் போவது, சிவாஜிநகர் மாதா கோவில் திருவிழாவின் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையான நாட்கள். எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. ஃபிக்சர் வந்த அன்றே ஒவ்வொருவரிடமும் வராத தேதியைக் கேட்டு எழுதினால், எந்த மேட்சுக்கு 13 பேர்தான் தேறுவார்கள் என்பது இரண்டு மாதம் முன்பே தெரியும்.

பணம். மேட்ச் பீஸோ, பஸ் சார்ஜோ, பேசியதைக் கொடுக்காமல் இழுக்கும் கிளப்பில் எந்தப் பயிற்சியும் எடுபடாது. முழுதாகக் கொடுக்க முடியாவிட்டால், எவ்வளவு, எந்தத் தேதியில் என்று செயலாளரே எல்லோர் முன்னிலையிலும் சொல்லட்டும். கோச்சின் வாயால் சொல்ல வைக்காதீர்கள், அவர் மேலிருக்கும் நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

சரிவு தொடங்கிவிட்டது, இப்போது என்ன?

மூன்று வாரத் திட்டம். முதல் வாரம் நேரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். 75 நிமிஷச் செவ்வாய் 55 ஆகட்டும், 90 நிமிஷ வியாழன் 50 ஆகட்டும். ஃபுல் ஸ்பீடு ஓட்டங்கள் அப்படியே இருக்கட்டும். இடையில் ஒன்றரை நிமிஷம் ஓய்வு. நீண்ட ரவுண்டு ஓட்டம் முழுக்க ரத்து. 840 நிமிஷம் தாண்டியவர்களில் இருவரை இந்த மேட்சில் பெஞ்சில் உட்கார வையுங்கள். தோற்றாலும் பரவாயில்லை என்று கமிட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள், மேட்ச் முடிந்து சொன்னால் சாக்கு என்பார்கள். நார்டிக் முதல் படியைத் தொடங்குங்கள்.

இரண்டாம் வாரம் மேலே சொன்ன எட்டுக்கு ஏழு பயிற்சியும் புதுக் கார்னர்களும். மொத்த நேரத்தில் பாதியை மட்டும் திருப்பிக் கூட்டுங்கள். உட்கார வைத்த இருவர் திரும்பட்டும், வேறு இருவர் உட்காரட்டும். மூன்றாம் வாரம் பழைய நேரம்.

நாலாவது மேட்சுக்குப் பிறகு சாக்பீஸ் கோட்டையும் ஷாட் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குதிப்பு பழைய அளவுக்கு வந்து, ஷாட்டும் கூடியிருந்தால் பிரச்சினை காலில்தான் இருந்தது. வாரச் சுமை அந்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குதிப்பு திரும்பியும் ஷாட் திரும்பவில்லையென்றால் இனி ஓய்வால் பயனில்லை. பிராக்டிஸ் நேரம் முழுவதையும் நெருக்கமான டிஃபென்ஸை உடைப்பதற்குக் கொடுங்கள். குதிப்பே திரும்பவில்லையென்றால் யாரோ இன்னும் ஞாயிறு இரவு ஆட்டத்தை மறைக்கிறார்கள், அல்லது ஷிப்ட் மாறியிருக்கிறது, அல்லது உடம்பில் வேறு கோளாறு. வயது 20-க்குக் கீழுள்ள பையனோ பெண்ணோ என்றால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.